‘வீ வில் கெட் பேக் டு யூ’: மருத்துவமனையில் இதற்கு என்ன பொருள்?

மருத்துவமனைக்குள் ஒரு குடும்பம் நுழைந்து வெளியேறும் வரை அதன் காதில் விழும் ஆங்கிலத் தொடர்களை எண்ணிப் பார்த்தால், ‘வீ வில் கெட் பேக் டு யூ’ என்பது அவற்றுள் முன்வரிசையில் நிற்கும். திசுப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்தபின் அதைச் சொல்கிறோம். ஸ்கேன் படத்தை இன்னொரு துறை மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டியிருக்கும்போது சொல்கிறோம். காப்பீட்டு மேசையிலும் அதையே சொல்கிறார்கள். தமிழில் பேசும்போதும் அத்தொடர் மறைந்துவிடுவதில்லை; ‘பார்த்துவிட்டுச் சொல்கிறோம்’, ‘ரிசல்ட் வந்ததும் கூப்பிடுகிறோம்’ என்று வேறு உடையில் வருகிறது. சிறிய தொடர்தான். ஆனால் சொன்னவர் ஒரு பொருளிலும் கேட்டவர் இன்னொரு பொருளிலும் எடுத்துக்கொண்டு பிரிந்தால், இடையில் சிக்கிக்கொள்வது நோயாளியின் உடல். ஆகவே இந்த இதழில் அத்தொடரையும், அதற்கு நெருங்கிய சில சொற்களையும் எடுத்துப் படிப்போம்.

யார் திரும்ப வேண்டும்?

ஆங்கிலத்தில் ‘கெட்’ என்பதற்குப் பெறுதல், அடைதல் எனப் பல பொருள்கள்; ‘பேக்’ என்றால் திரும்ப. இரண்டும் சேர்ந்து தனித்து நின்றால், வெளியூரிலிருந்து வீடு திரும்புவதையும் குறிக்கும், கொடுத்த கடனைத் திரும்பப் பெறுவதையும் குறிக்கும். பின்னால் ‘டு யூ’ ஒட்டிக்கொண்டதும் பொருள் குறுகிவிடுகிறது: ‘இப்போது எங்களிடம் விடை இல்லை, கிடைத்ததும் நாங்களே உங்களை அணுகிச் சொல்வோம்.’ இங்கே நகர வேண்டியவர் பேசுபவர், காத்திருப்பவர் கேட்பவர்.

‘கம் பேக்’ என்பது இதற்கு நேர்மாறு. ‘கம் பேக் ஆஃப்டர் ஒன் வீக்’ என்றால் ஒரு வாரம் கழித்து நீங்கள் வர வேண்டும். மருத்துவமனையிலிருந்து யாரும் அழைக்கப்போவதில்லை. இரண்டிலும் ‘பேக்’ இருப்பதால், புறநோயாளர் பிரிவின் நெரிசலில், முகக்கவசத்துக்குள்ளிருந்து வரும் குரலில், இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. ‘அவர்களே கூப்பிடுவார்கள்’ என்று குடும்பம் வீட்டில் காத்திருக்கிறது. ‘அவர்கள் வந்து வாங்கிக்கொள்வார்கள்’ என்று அறிக்கை கோப்பில் காத்திருக்கிறது. இரு தரப்பும் நல்லெண்ணத்தோடுதான் காத்திருக்கின்றன. சிகிச்சை தாமதமாவதற்கு அலட்சியமே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதைவிட இந்த இரட்டைக் காத்திருப்பையே நாங்கள் அதிகம் அஞ்சுகிறோம். அலட்சியத்தைக் கண்டால் யாராவது குரல் கொடுப்பார்கள். காத்திருப்பை எவரும் குறை கூறுவதில்லை.

நம் சமூகத்தில் இத்தொடருக்கு வேறொரு நிழலும் உண்டு. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியும் சொஜ்ஜியும் உண்டு முடித்து, ‘ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்’ என்று எழுந்தால், அதன் உட்பொருள் பெண் வீட்டாருக்கு அப்போதே தெரிந்துவிடும். நேர்காணல் முடிந்து ‘வீ வில் கெட் பேக் டு யூ’ என்று கை குலுக்கி அனுப்பப்பட்ட இளைஞனும் அந்த வேலையைப் பாதி மறந்துவிட்டே படியிறங்குகிறான். இப்படிப் பழகிய காதில் மருத்துவரின் வாயிலிருந்து அதே சொற்கள் விழும்போது, ‘ஏதோ பெரிய நோய், நம்மிடம் மறைக்கிறார்கள்’ என்று சிலர் கலங்கிப்போகிறார்கள். ‘தட்டிக்கழிக்கிறார்கள்’ என்று சினந்து வேறு மருத்துவமனைக்குப் போய், அதே பரிசோதனைகளை முதலிலிருந்து தொடங்குபவர்களும் உண்டு. மருத்துவமனையில் இத்தொடருக்குப் பெரும்பாலும் உள்ளர்த்தம் கிடையாது. விடை இன்னும் உருவாகவில்லை என்ற நேர்ப்பொருளே உண்டு.

விடை உருவாக ஏன் நாளாகிறது?

கழுத்தில் ஒரு கட்டி; அதிலிருந்து சிறு துண்டு எடுக்கப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். அத்துண்டு முதலில் ஃபார்மலின் கரைசலில் பல மணி நேரம் ஊற வேண்டும். இல்லையெனில் திசு அழுகி உருக்குலைந்துவிடும். பிறகு அதிலுள்ள நீரைப் படிப்படியாக வெளியேற்றி, பாரஃபின் மெழுகை உள்ளே செலுத்தி, கட்டியாக்குகிறார்கள். அந்த மெழுகுக் கட்டியை ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு தடிமனுள்ள சீவல்களாக அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, சாயம் தோய்த்த பிறகே நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்க முடியும். வழக்கமாக இதற்கே சில வேலை நாள்கள் பிடிக்கும். எலும்புத் துண்டாக இருந்தால் அதிலுள்ள கால்சியத்தை முதலில் கரைத்தாக வேண்டும். இன்னும் சில நாள்கள். பார்த்தபின் ‘இது எந்த வகை’ என்று பிரித்தறிய இம்யூனோ எனப்படும் சிறப்புச் சாயப் பரிசோதனை தேவைப்பட்டால் மேலும் சில நாள்கள். ‘இன்னொரு டெஸ்ட் போட்டிருக்கிறார்கள், அப்படியென்றால் கேன்சர்தான்’ என்று முடிவுகட்டுபவர்கள் நிறைய. அந்தக் கூடுதல் பரிசோதனை சில நேரங்களில் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்வதற்காகவும் கேட்கப்படுகிறது.

கிருமி வளர்ப்புப் பரிசோதனையின் கதை வேறு. அங்கே நாங்கள் உயிருள்ள ஒன்று வளர்வதற்காகக் காத்திருக்கிறோம். இரத்தத்தை ஊட்டக் கரைசல் உள்ள புட்டியில் இட்டு, வழக்கமாக ஐந்து நாள்கள் கருவிக்குள் வைக்கிறார்கள். 48 மணி நேரத்தில் ‘இதுவரை வளர்ச்சி இல்லை’ என்று ஓர் இடைக்கால அறிக்கை வரும். அதில் ‘இதுவரை’ என்ற சொல்லைத் தவறவிடக்கூடாது. இறுதி அறிக்கை பின்னர் வரும். காசநோய்க் கிருமி இன்னும் சோம்பேறி. அதன் மரபணுவைத் தேடும் சளிப் பரிசோதனை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் விடை தந்துவிடும். ஆனால் திரவ ஊடகத்தில் அதை வளர்த்துப் பார்த்து ‘இல்லை’ என்று சொல்ல 42 நாள்கள் வரை ஆகும்; திட ஊடகத்தில் எட்டு வாரங்கள். ஆறு வாரம் கழித்து ஒரு முடிவு வந்து, ஏற்கெனவே எழுதிய மருந்தை மாற்ற வேண்டியும் வரலாம்.

சில மணி நேரக் காத்திருப்பும் உண்டு. நெஞ்சுவலியோடு வருபவருக்கு முதல் ஈ.சி.ஜி.யும் முதல் டிரோபோனின் அளவும் சரியாக இருந்தாலும், சில மணி நேரம் கழித்து மீண்டும் இரத்தம் எடுக்கிறோம். இதயத்தசை பாதிக்கப்பட்டாலும் அப்பொருள் இரத்தத்தில் உயர்வதற்குச் சற்று நேரம் ஆகும். ‘எல்லாம் நார்மல் என்றுதானே சொன்னீர்கள், பிறகு ஏன் உட்கார வைத்திருக்கிறீர்கள்?’ என்று கேட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும் குடும்பங்கள் அந்த இரண்டாவது விடையை விட்டுவிட்டுப் போகின்றன.

அழைப்பு வரவில்லையென்றால்

‘ஏதாவது தப்பாக இருந்தால் கூப்பிட்டிருப்பார்களே’ என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மௌனத்தை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வது மனித இயல்பு. ஆயினும் அறிக்கையை யாரும் பார்க்கவில்லை என்பதும் அதே மௌனமாகத்தான் வெளியே தெரியும். இது எந்த நாட்டுக்கும் புதிதன்று. அமெரிக்காவில் இரு பெரிய கல்வி மருத்துவமனைகளிலிருந்து வீடு சென்ற 2,644 பேரை ஆராய்ந்து, ‘அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ இதழ் 2005ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. அவர்களுள் 41 விழுக்காட்டினருக்கு, வீடு செல்லும் நாளில் ஏதேனும் ஒரு பரிசோதனை முடிவாவது வராமல் இருந்தது. பின்னர் வந்த முடிவுகளுள் சுமார் 9 விழுக்காடு, சிகிச்சையில் மாற்றம் தேவைப்படக்கூடியவை. மருத்துவர்களிடம் விசாரித்தபோது, அத்தகைய முடிவுகளுள் ஏறத்தாழ 60 விழுக்காடு வந்ததையே அவர்கள் அறிந்திருக்கவில்லை. கணினி வசதியும் ஆள்பலமும் நிறைந்த இடங்களிலேயே நிலை இதுவென்றால், மௌனத்தை நம்புவது சரியாகாது.

அதனால் எவர் ‘பிறகு சொல்கிறோம்’ என்றாலும், இடத்தைவிட்டு நகர்வதற்குமுன் அந்தத் தொடரை முழுமையாக்கிக்கொள்ள வேண்டுகிறோம். தமிழில் எழுவாயை விட்டுவிட்டு ‘சொல்லிவிடுவோம்’ என்று பேசுவது எளிது. யார் சொல்வார் என்பது அதில் தெரியாது. ‘டாக்டர், இதை எங்களுக்கு யார் சொல்வார்கள்? எந்த நாளுக்குள்? அந்த நாளில் அழைப்பு வராவிட்டால் நாங்கள் யாரிடம் வந்து கேட்பது?’ என்று கேளுங்கள். விடையைச் சீட்டின் ஓரத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். இப்படிக் கேட்பது மருத்துவரைச் சந்தேகிப்பதாகும் என்று தயங்குபவர்களை அன்றாடம் காண்கிறோம். மாறாக, அந்தக் கேள்வி எங்களுக்கு உதவியே. நாள் குறித்துச் சொல்லிவிட்ட ஒன்று எங்கள் பணிப்பட்டியலில் இடம் பிடிக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கும்போது அதில் ‘பெண்டிங்’, ‘அவெய்ட்டட்’ என்ற சொற்கள் எங்காவது இருக்கின்றனவா என்று வாசித்துப் பாருங்கள். ‘முடிவு நிலுவையில் உள்ளது’ என்பதே இரண்டுக்கும் பொருள். இருந்தால், அந்த ஒவ்வொன்றுக்கும் மேற்சொன்ன மூன்று கேள்விகளும் பொருந்தும்.

தொலைபேசி எண் பற்றி ஒரு வார்த்தை. பதிவு மேசையில் எழுதப்பட்டிருப்பது பல நேரங்களில் நோயாளியின் எண்ணே அன்று. அன்றைக்குக் கூட்டிவந்த மைத்துனருடையது, பக்கத்து வீட்டுக்காரருடையது, சில வேளைகளில் ஆட்டோ ஓட்டுநருடையதுகூட. சிம் கார்டு மாறியிருக்கும். பழைய எண் அப்படியே கோப்பில் இருக்கும். மருத்துவமனையின் அழைப்பு வேறொரு தரைவழி எண்ணிலிருந்து வரும். கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்பு என்றெண்ணி அதைத் துண்டித்துவிடுவார்கள். எந்த எண்ணிலிருந்து அழைப்பு வரும் என்று கேட்டு, அதைப் பெயரிட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள். நோயாளி தம் முடிவை யார் கேட்கலாம் என்று விரும்புகிறாரோ அவருடைய எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். ‘அம்மாவிடம் சொல்லாதீர்கள், என்னிடம் மட்டும் சொல்லுங்கள்’ என்று மகன் கேட்பது அன்பினால்தான். எனினும் அம்மாவின் விருப்பம் என்னவென்று அம்மாவிடமே முதலில் கேட்பது எங்கள் கடமை.

அழைப்பு வந்து, ‘நேரில் வாருங்கள்’ என்று மட்டும் சொன்னால் பலருக்குக் கால் நடுங்கிவிடுகிறது. மறுமுனையில் பேசுபவர் யாரென்று உறுதியாகத் தெரியாமல் ஒருவரின் பரிசோதனை முடிவைத் தொலைபேசியில் சொல்வது முறையன்று. நல்ல முடிவாக இருந்தாலும் நேரில்தான் அழைப்பார்கள். ஆனால் ‘இன்றே வாருங்கள்’, ‘உடனே வாருங்கள்’ என்று சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு உயர்ந்திருக்கும்போதும் நோயாளி வீட்டில் சாதாரணமாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கக்கூடும்; இதயத் துடிப்பு திடீரெனத் தடம் புரளும்வரை அறிகுறி எதுவும் தெரியாமல் போகலாம். ‘நன்றாகத்தானே இருக்கிறார், நாளைக்குக் காலையில் அழைத்து வருகிறோம்’ என்ற பதில் அங்கே பொருந்தாது.

இடையே ‘ரிவர்ட்’ என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். இந்திய அலுவலகங்களில் ‘வில் ரிவர்ட்’ என்றால் ‘பதில் அனுப்புகிறோம்’ என்று பொருள். காப்பீட்டு நிறுவனத்தின் கடிதங்களில் இதைக் காணலாம். அதே சொல் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ரிவர்ட்டட் டு சைனஸ் ரிதம்’ என்று வந்தால், இதயத் துடிப்பு மீண்டும் இயல்பான தாளத்துக்கு வந்துவிட்டது என்று மகிழ வேண்டிய செய்தி. காப்பீட்டைப் பற்றிச் சொல்வதானால், ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான முன் அனுமதியை ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீடு செல்வதற்கான இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள்ளும் காப்பீட்டு நிறுவனம் தீர்மானிக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் 2024ஆம் ஆண்டு சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது. எனவே அந்த மேசையிலும் ‘எத்தனை மணிக்குள்?’ என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

‘ரிவ்யூ’ என்று எழுதியிருந்தால்

இனி நகர வேண்டியவர் நீங்கள்.

விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று சொல்லாமல் ‘போய் வருகிறேன்’ என்று சொல்வது நம் பண்பாடு. மருத்துவமனை வாசலில் மட்டும் அந்த ‘வருகிறேன்’ நாக்கில் வந்து நின்றுவிடுகிறது. இங்கே மறுபடி வரக்கூடாது என்பதே வேண்டுதல். செவிலியரும் ‘போய் வாருங்கள்’ என்று சொல்லாமல் ‘நல்லபடியாக இருங்கள் அம்மா’ என்று வழியனுப்புவார். அழகான வழக்கம்தான், அதில் குறுக்கிட நாங்கள் விரும்பவில்லை. ஆனால் சில நோய்களில் திரும்பி வருவதே சிகிச்சை.

நாய் கடித்தவருக்கு முதல் ஊசி போட்டு அனுப்பும்போது சீட்டில் தேதிகள் எழுதப்படுகின்றன. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாள்கள். தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28. முதல் நாள் ஊசியோடு காயமும் ஆறிவிட்டால் மற்றவை வெறும் சடங்கு என்று தோன்றும். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை. ஆகவே அந்தத் தேதிகள் ஒவ்வொன்றும் உயிரோடு தொடர்புடையவை. ஒரு தேதி தவறிவிட்டால் ‘இனிப் போனால் திட்டுவார்கள்’ என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை; விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். தாமதமாகவேனும் வந்துவிடுங்கள்.

சிறுநீரகக் கல்லுக்குச் சிகிச்சை பெற்ற சிலருக்கு, சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை உள்ளே வைத்து அனுப்புகிறார்கள். வெளியில் எதுவும் தெரியாது. சில வாரங்களில், வகையைப் பொறுத்து சில மாதங்களில், அதை எடுத்தாக வேண்டும். கல் போய்விட்டது, வலியும் போய்விட்டது. குழாய் இருப்பதே மறந்துபோகிறது. ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்தால் அந்தக் குழாயின்மீதே கல் படிந்து, அடைப்பும் கிருமித் தொற்றும் ஏற்பட்டு, சிறுநீரகமே செயலிழக்க நேரிடும். கல்லை அகற்றியதைவிட அந்தக் குழாயை அகற்றுவது பெரிய அறுவையாகிவிடும். உங்கள் வீட்டில் எவருக்காவது ‘ஸ்டென்ட் வைத்திருக்கிறோம், ரிவ்யூ வாருங்கள்’ என்று சொல்லப்பட்டிருந்தால், அது இதயத்திலா சிறுநீர்ப்பாதையிலா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதய ஸ்டென்ட் நிலையாக உள்ளேயே இருப்பது. சிறுநீர்ப்பாதையில் உள்ளதைப் பெரும்பாலும் வெளியே எடுத்தாக வேண்டும். எடுக்க வேண்டிய தேதியை வீட்டு நாட்காட்டியில் வட்டமிடுங்கள்.

மாத்திரை விஷயத்தில் இன்னொரு குழப்பம். ‘30 நாள் மாத்திரை, பிறகு ரிவ்யூ’ என்று எழுதினால், 30 நாளோடு சிகிச்சை முடிந்தது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். இரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு போன்றவற்றில் அந்த 30 நாள் என்பது அடுத்த சந்திப்பு வரைக்குமான கணக்கு மட்டுமே. மாத்திரை தீரும் நாளுக்கு முன்பே வர வேண்டும். வலிப்பு மாத்திரையை இடையில் நிறுத்தினால் அடங்கியிருந்த வலிப்பு முன்னிலும் கடுமையாக வரலாம். பல வாரங்களாக ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டவர் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழவும்கூடும். பயண வசதியில்லை, அன்றைக்குக் கூலி போய்விடும் என்ற காரணங்கள் உண்மையானவை. அவற்றை எங்களிடம் சொல்லுங்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தைத் தொடர வழியிருந்தால் அதற்கேற்பச் சீட்டு எழுதித் தர முடியும்.

சில சீட்டுகளில் ‘ரிவ்யூ எஸ்.ஓ.எஸ்.’ என்று இருக்கும். கப்பலில் ஆபத்துக்கு அனுப்பும் குறியீடு இது என்று எண்ணி ஒரு முதியவர் அதிர்ந்துபோவது இயல்பே. இது லத்தீன் மொழியின் ‘சி ஓபுஸ் சிட்’ என்ற தொடரின் சுருக்கம். ‘தேவையிருப்பின்’ என்று பொருள். காய்ச்சல் மாத்திரைக்கு எதிரில் இருந்தால் காய்ச்சல் இருந்தால் மட்டும் போடவும். ரிவ்யூவுக்கு எதிரில் இருந்தால் தேவைப்பட்டால் வரவும். எங்கள் பார்வையில் இந்தச் சுருக்கம் நோயாளியின் கைக்குப் போகும் தாளில் இருக்கவே வேண்டாம். தேவை எது என்று அது சொல்வதில்லை. அதை முடிவு செய்யும் பொறுப்பு மருத்துவம் படிக்காத ஒருவர் தலையில் விழுகிறது. ஆகவே ‘என்ன ஏற்பட்டால் வர வேண்டும்?’ என்று கேட்டுவிடுங்கள்.

டெங்கு காய்ச்சலை வைத்துப் பார்த்தால் இக்கேள்வியின் எடை விளங்கும். மற்றக் காய்ச்சல்களில் சூடு இறங்கினால் நிம்மதி. டெங்குவிலோ, மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும் அந்த வேளையில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. அது 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கும். ‘காய்ச்சல் விட்டுவிட்டது, இனி எதற்கு ரிவ்யூ?’ என்று வீட்டிலேயே இருந்துவிடும் நாளும் வந்தே தீரவேண்டிய நாளும் ஒன்றாகிவிடுகின்றன. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, மலம் கருத்துப் போதல், கை கால் சில்லிடுதல், குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டேயிருத்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் எழுதிய தேதிக்காகக் காத்திருக்கக்கூடாது. நள்ளிரவானாலும் வர வேண்டும்.

இவ்வளவையும் நாங்கள் சொல்லி முடித்ததும் ‘புரிந்ததா?’ என்று கேட்டால், அநேகமாக எல்லோரும் தலையசைப்பார்கள். எனவே ‘டீச் பேக்’ என்றொரு முறை இப்போது பயிற்றுவிக்கப்படுகிறது. இதுவும் ஒரு ‘பேக்’தான். நாங்கள் சொன்னதை உங்கள் சொற்களில் எங்களிடமே திருப்பிச் சொல்வது. மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே தொடங்கலாம்: ‘சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள் ஐயா. வியாழக்கிழமை இரத்தம் கொடுக்க வேண்டும், மாத்திரையை நிறுத்தக்கூடாது, வாந்தி வந்தால் உடனே வர வேண்டும்.’ அரை நிமிடம் ஆகும். எங்கள் பேச்சில் எது தெளிவில்லாமல் போனது என்பதை எங்களுக்கும் அது காட்டிக்கொடுக்கும்.

குடும்பம் சொல்லும் ‘கலந்துவிட்டுச் சொல்கிறோம்’

இத்தொடரை மருத்துவர்கள் மட்டும் சொல்வதில்லை. அறுவைச் சிகிச்சை தேவை என்று விளக்கியதும் ‘வீட்டில் கலந்துவிட்டுச் சொல்கிறோம், டாக்டர்’ என்று குடும்பம் எழுகிறது. பெரியப்பாவிடம் கேட்க வேண்டும். துபாயில் இருக்கும் தம்பியிடம் பேச வேண்டும். பணத்துக்கு வழி பார்க்க வேண்டும். சிலர் நாளும் பார்ப்பார்கள். இவை யாவும் நியாயமான காரணங்கள். முடிவெடுக்கக் காலம் கேட்பது உங்கள் உரிமை. எவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளலாம் என்பதை மட்டும் எங்களிடமிருந்து கேட்டுக்கொண்டு போங்கள். முழங்கால் மூட்டு மாற்றுச் சிகிச்சை பல மாதம் பொறுக்கும். பெரும்பாலான புற்றுநோய்களில் வகையும் கட்டமும் அறிந்து திட்டமிடச் சில வாரங்கள் இருக்கும்; பல மாதங்கள் இல்லை. மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டு வரும் பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரமே வழக்கமான வரம்பு. அதிலும் வீட்டிலும் வழியிலும் பெரும்பகுதி கரைந்திருக்கும். மூத்த அண்ணன் தொலைபேசியை எடுக்கவில்லை என்று அங்கே காத்திருக்க முடியாது. அத்தகைய வேளையில் முடிவெடுக்க வேண்டியவர் யார் என்பதை, வயதான பெற்றோர் இருக்கும் வீட்டில் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

‘கலந்துவிட்டுச் சொல்கிறோம்’ என்பது சில நேரங்களில் ‘எங்களுக்கு வேண்டாம்’ என்பதன் மரியாதையான வடிவம் என்பதும் எங்களுக்குத் தெரியும். கடிதம் போடுகிறோம் என்று எழுந்துபோன வீட்டாரின் அதே நாகரிகம். மருத்துவரின் மனம் புண்படுமே என்ற கவலை இங்கே வேண்டியதில்லை. ‘இந்த அறுவையை இப்போது செய்துகொள்ள எங்களுக்கு விருப்பமில்லை’ என்று நேராகச் சொல்லிவிட்டால், அதற்கடுத்த வழி என்ன என்று உடனே பேசத் தொடங்கலாம். மருந்தால் எவ்வளவு தூரம் சமாளிக்கலாம், எந்த அறிகுறியைக் கவனிக்க வேண்டும், வலிக்கு என்ன செய்யலாம், மனம் மாறினால் எத்தனை நாளுக்குள் வந்தால் பயன் இருக்கும் என்பவற்றையெல்லாம் அன்றைக்கே எழுதித் தர முடியும். ‘சொல்கிறோம்’ என்று போனவர்களுக்கு அந்தத் தாளை எங்களால் கொடுத்தனுப்ப முடிவதில்லை.